வைக்கத்தில் நான்கு நாள்: வேம்பநாட்டுக் காயலை அரசுப் படகில் கடப்பவர்களுக்கு

ஆலப்புழா போகிறோம் என்று சொன்னதும், "ஹவுஸ்போட் புக் பண்ணியாச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணி வாக்கில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்குவது அந்தக் கணக்கு. அதில் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். இரவில் மீனவர்கள் வலை போடுவார்கள் என்பதால் மாலை ஐந்தரை வாக்கில் ஹவுஸ்போட்டுகளைக் கரையில் கட்டிவிட வேண்டும். குடும்பத்தோடு ஒரு நாள் ஓய்வாக இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் காயலைத் தெரிந்துகொள்ள அது போதாது.

நான் சொல்லும் வழி வேறு. ஆலப்புழா பக்கமிருந்து கிளம்பி அரசுப் படகில் காயலைக் குறுக்கே கடக்கிறோம். கிழக்குக் கரையில் வைக்கம் என்ற சிறு நகரத்தில் மூன்று நான்கு நாள் தங்குகிறோம். பிறகு இன்னொரு இடத்தில் மறுபடி காயலைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்து ரயில் ஏறுகிறோம். இரண்டு படகுக்கும் சேர்த்து ஆகிற செலவு சட்டைப்பையில் இருக்கும் சில்லறை நோட்டில் முடிந்துவிடும். முன்பதிவு என்று எதுவும் இல்லை. தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான் காசு.

மூன்று நாளுக்குக் குறைந்தால் இந்தத் திட்டம் வேண்டாம். ஒரு நாள் மட்டும் இருந்தால் கோயிலைப் பார்த்துவிட்டு, கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். இரண்டாம் நாள் அதே படகுத்துறைக்கு அதே நேரத்தில் போய் உட்கார்ந்தால்தான் யார் எதற்காக அக்கரைக்குப் போகிறார்கள், காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது, நேற்று இல்லாத ஆகாயத்தாமரை இன்று எங்கிருந்து வந்து ஒதுங்கியது என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும்.

கிளம்பும் முன் தெரிய வேண்டிய ஒரே ஒரு விஷயம்

வேம்பநாட்டுக் காயல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. நீளம் 96 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். அச்சன்கோவில், பம்பா, மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழா என்று கிழக்கு மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் இதில் வந்து சேர்கின்றன. கடலோடு சேரும் பெரிய வாய் வடக்கே கொச்சியில் இருக்கிறது. கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்ததும், கடலின் உப்பு அந்த வாய் வழியாகத் தெற்கே ஏறும்.

தெற்கே இருப்பது குட்டநாடு. அங்கே கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. காயலுக்குள்ளேயே வரப்பு எழுப்பி, தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு, அடிச் சேற்றில் நெல் விதைக்கிறார்கள். இந்த விவசாய முறையை 2013ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு உலக மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. அந்த நெல்லை உப்பிலிருந்து காப்பாற்றத்தான் 1970களில் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கட்டினார்கள். டிசம்பர் வாக்கில் மதகுகளை இறக்குவார்கள், கோடையின் கடைசியில் தூக்குவார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பயணத்தில் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நாம் முதலில் கடப்பது அணைக்குத் தெற்கே, இரண்டாவது கடப்பது வடக்கே. மதகு இறங்கியிருக்கும் மாதங்களில் ஒரே காயல் இரண்டு தண்ணீராகப் பிரிந்திருக்கும். தெற்கே நல்ல தண்ணீர். அது நகராமல் தேங்கி ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். வடக்கே உப்பு கலந்த தண்ணீர். அங்கே ஏற்றவற்றம் தெரியும், வலைகளும் வேறு மாதிரி இருக்கும். மதகைத் தூக்கி உப்பு உள்ளே போனதும் தெற்கே அந்த ஆகாயத்தாமரை கருகி அழுகும். எப்போது இறக்குவது, எப்போது தூக்குவது என்பதில் நெல் விவசாயிக்கும் மீனவருக்கும் வருஷா வருஷம் இழுபறி. ஆற்றுக்கொஞ்சு என்று அங்கே சொல்லும் பெரிய இறால் வளர்வது நல்ல தண்ணீரில். ஆனால் அதன் குஞ்சுகள் பிழைக்க உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். நடுவில் மதகு இறங்கிவிட்டால் அந்தப் போக்குவரத்து அறுந்துவிடும். யாரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் இந்த மதகில் வந்து நிற்கும்.

எப்போது போவது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் தாங்கும், மழையும் இருக்காது. மார்ச், ஏப்ரலில் புழுக்கம் கூடும், சாயங்காலம் இடி மின்னல் வரும். ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் படகையே நிறுத்திவிடும் நாட்கள் உண்டு. மழைக்காலக் காயல் அழகுதான், ஆனால் முதல் தடவை போகிறவர்கள் அப்போது போக வேண்டாம். நவம்பர், டிசம்பரில் கார்த்திகைத் தேய்பிறை அஷ்டமியை ஒட்டி வைக்கத்தஷ்டமித் திருவிழா நடக்கும். அந்தப் பன்னிரண்டு நாளும் ஊர் நிறைந்துவிடும், அறை கிடைப்பது சிரமம். திருவிழாவுக்காகவே போகிறவர்கள் முன்கூட்டியே அறையைப் பேசி வையுங்கள். மற்றவர்கள் தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

முகம்மாவிலிருந்து குமரகம்: முதல் கடப்பு

சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, பாலக்காடு வழியாக ஆலப்புழாவுக்கு நேரடி இரவு ரயில் இருக்கிறது. தென்காசிப் பக்கத்தவர்கள் செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் வந்து வடக்கே ஏறலாம். தேனி, கம்பம் பக்கத்தவர்கள் குமுளியில் மலையிறங்கி நேராகக் கோட்டயம் வந்துவிடுவார்கள். அவர்கள் இந்தப் பாதையைத் தலைகீழாக வைத்துக்கொண்டாலும் ஒன்றும் குறையாது.

ஆலப்புழா ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஹவுஸ்போட் ஏஜென்ட்டுகள் சூழ்ந்துகொள்வார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டியே அரசுப் படகுத்துறை. அங்கிருந்து கோட்டயத்துக்கே நேராகப் படகு உண்டு. குட்டநாட்டின் தோடுகளுக்குள், அதாவது வாய்க்கால்களுக்குள், இரண்டரை மணி நேரப் பயணம். கோட்டயத்தை நெருங்கும்போது தோட்டின் குறுக்கே தாழ்வான நடைபாலங்கள் வரும். படகு வருவதைப் பார்த்து, கரையில் இருப்பவர் கயிற்றை இழுத்துப் பாலத்தைத் தூக்கி வழிவிடுவார். ஆகாயத்தாமரை அடைத்தாலோ பாலத்தில் பழுது என்றாலோ இந்தப் படகு பாதியிலேயே நின்றுவிடும். அதனால் முதல் தடவைக்கு முகம்மா வழியையே சொல்வேன். அங்கே இடைஞ்சல் குறைவு.

ஆலப்புழாவுக்கு வடக்கே சேர்த்தலை சாலையில் இருக்கும் சின்ன ஊர் முகம்மா. பேருந்தில் போய் இறங்கி, படகுத்துறை எது என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே "போட் ஜெட்டி" என்று சொன்னால் போதும். படகு குமரகம் சேர அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். டிக்கெட் படகுக்குள்ளேயே கொடுப்பார்கள்.

இந்தப் படகில் யார் என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். முன்னால் சக்கரம் பிடித்து நிற்பவர் ஸ்ராங்கு. என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் டிரைவர், அவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. துறையில் கயிற்றை வீசிக் கட்டுபவர் லாஸ்கர். டிக்கெட் கொடுத்து, புறப்படலாம் என்று முடிவு செய்பவர் போட் மாஸ்டர். பழைய மரப்படகுகளில் ஸ்ராங்கு தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுப்பார். என்ஜின் அருகில் மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டுத்தான் டிரைவர் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பின்னால் எடுப்பதும். கரை நெருங்கும்போது அடுத்தடுத்து மணி விழும், படகு உதறிக்கொண்டு வேகம் குறையும், லாஸ்கர் ஒரு எட்டில் துறைக்குத் தாவிவிடுவார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2002 ஜூலை 27 அன்று இதே முகம்மா, குமரகம் தடத்தில் வந்த படகு கரை சேரும் முன் மூழ்கி 29 பேர் இறந்துபோனார்கள். அரசுத் தேர்வு எழுதக் காலையில் கிளம்பி வந்த இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். படகில் அளவுக்கு மேல் ஆள் ஏறியிருந்தது. ஆகவே கூட்டமாக இருக்கும் படகை விட்டுவிடுங்கள், அடுத்தது வரும். எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஒவ்வொரு படகிலும் எழுதிவைத்திருப்பார்கள். ஏறியதும் உயிர்காப்பு மிதவைகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பக்கவாட்டு விளிம்பில் உட்காரவைக்காதீர்கள். எல்லோரும் ஒரே பக்கம் எழுந்துபோய்ப் போட்டோ எடுப்பது கூடவே கூடாது.

காலை நேரத்தில் கடப்பதே நல்லது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறி அலை தூக்கும். காலையில் காயல் எண்ணெய் ஊற்றிய மாதிரி இருக்கும், கொஞ்சம் தள்ளிப் பாதிராமணல் தீவு பச்சைக் கட்டியாகத் தெரியும். ஆகாயத்தாமரைத் திட்டு குறுக்கே வந்தால் படகு அதைக் கிழித்துக்கொண்டு போகும். அப்போது குனிந்து பார்த்தால் கறுத்த வேர்கள் ஈர முடி மாதிரி நீரில் விரிந்து தொங்கும். அது படகைத் தள்ளும் அடி விசிறியில் சுற்றிக்கொண்டால் என்ஜினை நிறுத்திவிட்டு அறுத்து எடுப்பார்கள். பத்து நிமிடம் ஆகலாம். பொறுமையாக இருங்கள்.

குமரகத்திலிருந்து வைக்கம்

குமரகத்தில் பறவைகள் சரணாலயம் பார்க்க நினைத்தால் அன்றிரவு அங்கேயே தங்கி அதிகாலையில் போங்கள். பகல் பத்து மணிக்குப் போனால் வெறும் நடைதான் மிஞ்சும். நேரம் இல்லை என்றால் விட்டுவிடலாம். வைக்கம் கரையிலும் நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் பஞ்சமில்லை.

குமரகத்திலிருந்து வைக்கத்துக்கு வெச்சூர் வழியாகப் பேருந்து போகிறது. இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் காயல் பக்கத்து வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். வெச்சூரில் இறங்கினால் தண்ணீர்முக்கம் அணை பக்கம்தான். அணையின் மேல் சாலை போகிறது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். மதகு இறங்கியிருக்கும் மாதமென்றால், தெற்குப் பக்கம் ஆகாயத்தாமரை, வடக்குப் பக்கம் ஓடுகிற தண்ணீர் என்று மேலே நான் சொன்னதெல்லாம் கண் முன்னால் இருக்கும். வாகனங்கள் வேகமாக வரும், ஓரமாக நில்லுங்கள்.

குட்டைப் பசுவுக்குப் பேர்போன வெச்சூரும் இதுதான். மூன்றடி உயரத்துக்கு மேல் போகாத அந்த இனம் அழியும் நிலைக்கு வந்திருந்தது. 1989ல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி மீட்டெடுத்தார்கள்.

வைக்கத்தில் எங்கே தங்குவது

பெரிய ரிசார்ட் தேடி இங்கே வர வேண்டாம். அதெல்லாம் குமரகத்தில். வைக்கத்தில் மகாதேவர் கோயிலைச் சுற்றிச் சாதாரண லாட்ஜுகளும், காயல் ஓரத்தில் வீடுகளோடு சேர்ந்த ஹோம்ஸ்டேகளும் இருக்கின்றன. கோயிலின் மேற்கு வாசலுக்கும் படகுத்துறைக்கும் நடுவில் அறை கிடைத்தால் அதைப் பிடியுங்கள். இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். அறையை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முக்கியமாக மூன்றைப் பாருங்கள்: ஜன்னலில் கொசுவலை, துணி காயப்போட இடம், வெந்நீர். காயல் காற்றில் ஈரம் அதிகம், துவைத்த துணி சீக்கிரம் காயாது. நாலு நாள் இருக்கப்போகிறோம் என்று முதலிலேயே சொன்னால் வாடகையில் குறைப்பார்கள்.

ஏ.டி.எம்., மருந்துக்கடை, தாலுகா மருத்துவமனை எல்லாம் ஊருக்குள்ளேயே உண்டு. குடிக்கக் காய்ச்சிய தண்ணீரே கேளுங்கள். கேரளத்தில் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர் வைப்பார்கள், தயங்காமல் குடிக்கலாம். காலில் புண் இருந்தால் தோட்டுத் தண்ணீரிலும் வயல் சேற்றிலும் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் இந்தப் பகுதியில் எலிக்காய்ச்சல் வருகிறது.

தமிழில் பேசினாலே புரிந்துகொள்வார்கள். இருந்தாலும் ஆண்களை "சேட்டா", பெண்களை "சேச்சி" என்று அழைத்துத் தொடங்குங்கள், முகம் மலரும். "லாஸ்ட் போட் எத்தர மணிக்கா?" என்ற கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எந்தத் துறையில் இறங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

முதல் நாள் கோயிலும் கரையும்

வைக்கத்தப்பனை இங்கே பூசித்தவர் வியாக்கிரபாதர் என்பது தலவரலாறு. தில்லையில் நடராஜரின் ஆனந்தத் தாண்டவத்தைக் கண்டவராக நாம் கும்பிடும் அதே புலிக்கால் முனிவர். வைக்கம், கடுத்துருத்தி, ஏற்றுமானூர் மூன்று சிவனையும் ஒரே நாளில், உச்சிப் பூசைக்குள் தரிசிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வைக்கத்தில் அதிகாலையில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பேருந்திலேயே முடித்துவிடலாம்.

ஆண்கள் சட்டையில்லாமல் வேட்டியோடு போக வேண்டும். பெண்களுக்குச் சேலை இருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்ற விதி இருக்கிறது. நண்பர்களோடு போகிறவர்கள் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள், வாசலில் நின்று வருத்தப்பட வேண்டாம். பிராதல் என்ற அன்னதானம் இங்கே புகழ்பெற்றது. யாராவது வழிபாடாகச் செய்யும் நாளில் நடக்கும். முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் மேற்கே நடந்தால் காயல். சூரியன் அக்கரைத் தென்னைகளுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்க உள்ளூர்க் குடும்பங்களும் வந்து உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் நாளுக்கு நடக்க ஒரு பாதை

தமிழர்களுக்கு இந்த ஊர் வெறும் காயலூர் இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்ட சாதியார் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று இங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்று மூன்று சாதிகளைச் சேர்ந்த மூவர் கைகோத்து அன்று முதலில் நடந்து கைதானார்கள். தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போனதும் ஆள் இல்லாமல் அழைப்பு அனுப்ப, ஏப்ரல் 13 அன்று ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சேர்ந்தார். பிறகு நாகம்மையாரும் வந்தார்.

படகுத்துறையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். 1925 மார்ச் 9 அன்று காந்தி வைக்கத்துக்கு வந்து இறங்கியது படகில்தான். அங்கிருந்து கோயிலின் மேற்கு வாசல் தெருவுக்கு வாருங்கள், பிறகு வடக்கு, கிழக்கு, தெற்கு என்று ஒரு சுற்று. அரை மணி நேரம் கூட ஆகாது. 1924 ஜூலையில் கேரளம் முழுவதையும் மூழ்கடித்த வெள்ளம் வந்தபோது இந்தத் தெருக்களிலும் தண்ணீர் ஏறியது. போலீஸார் படகில் இருந்துகொண்டு காவல் காத்தார்கள். சத்தியாகிரகிகள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் முறை வைத்து நின்றார்கள். காயல் எவ்வளவு பக்கம் என்பதை நடந்து பார்த்த பிறகு அந்தச் செய்தி மனதில் வேறு மாதிரி பதியும். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. கோயிலுக்குள் எல்லோரும் போக 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இண்டந்துருத்தி மனை எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். காந்தி பேச்சுவார்த்தைக்குப் போன நம்பூதிரி வீடு அது. பிராமணர் இல்லை என்பதால் அவரை வீட்டுக்குள் விடவில்லை, வெளியே போட்ட பந்தலில் உட்காரவைத்துப் பேசினார்கள். இன்று அந்த வீடு கள்ளிறக்கும் தொழிலாளர் சங்க அலுவலகம். ஒரு காலத்தில் அந்த வாசல் பக்கமே வர முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது உள்ளே மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். நான் அங்கே போய் நின்றபோது தொண்டை அடைத்தது.

கடைசியாக வலியகவலை என்ற சாலைச் சந்திப்பில் தமிழ்நாடு அரசின் பெரியார் நினைவகம். 1994ல் திறந்தது. புதுப்பித்து 2024 டிசம்பர் 12 அன்று இரண்டு மாநில முதல்வர்களும் சேர்ந்து மறுபடி திறந்துவைத்தார்கள். அங்கே நூலகமும் இருக்கிறது. குழந்தைகளோடு போனால் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பெரியாரை முதல் தடவை ஒரு மாதம் அடைத்துவைத்த அருக்குட்டியும் இதே காயலின் கரைதான். அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் மூன்றாம் நாளை அதற்கு வைத்துக்கொள்ளலாம். வைக்கத்திலிருந்து எர்ணாகுளம் சாலையில் பூத்தோட்டை வரை பேருந்து. அங்கிருந்து பெரும்பளம் தீவு வழியாகப் பாணாவள்ளிக்கு அரசுப் படகு. பிறகு அருக்குட்டிக்குப் பேருந்தோ ஆட்டோவோ. திரும்பும் படகு நேரத்தை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நாளும் செய்யக்கூடியது

காலையில் கரையோரமாக நடந்தால் கக்கா அவிக்கும் இடங்களைப் பார்க்கலாம். கக்கா என்பது கறுப்புச் சிப்பி. ஆண்கள் வள்ளத்தில் போய் நீண்ட கழியில் கட்டிய வலைவாரியால் காயலின் அடியைக் கிளறி அள்ளுவார்கள், சிலர் முங்கி எடுப்பார்கள். கரையில் கல்லடுப்பின் மேல் பெரிய பாத்திரத்தில் கொட்டி மூடிவைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே கடகடவென்று ஓடுகள் வாய் திறக்கும் சத்தம் கேட்கும். சேச்சிமார் அதைச் சல்லடையில் கொட்டி இரண்டு பேராகப் பிடித்து ஆட்டுவார்கள். நகம் அளவு சதை கீழே விழும், ஓடு மேலே நிற்கும். ஓடு சுண்ணாம்புக்குப் போகும். சதையை அரை கிலோ வாங்கிப்போய் நீங்கள் தங்கும் வீட்டில் கொடுத்தால், தேங்காய்ப் பல்லும் மிளகும் போட்டு வறுத்துத் தருவார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். அவர்கள் வேலை செய்யும் இடம் அது.

சாப்பாட்டுக் கடையில் கரிமீன் கேட்டால் விலையையும் எடையையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், மீனின் அளவுக்குத் தகுந்தபடி விலை ஏறும். வாழையிலையில் மசாலாவோடு பொதிந்து வாட்டும் பொள்ளிச்சது ஒரு தடவை போதும். அடுத்த நாளிலிருந்து சாதாரண ஊணு கடையில் குடம்புளி போட்ட மீன்குழம்பும் கப்பக்கிழங்கும் சாப்பிடுங்கள். அந்தக் குழம்பை முந்தின நாள் மண்சட்டியில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

தோடுகளுக்குள் போக விரும்பினால் துடுப்பு வள்ளம் பேசுங்கள். ஹவுஸ்போட் நுழைய முடியாத இடமெல்லாம் அதில் போகலாம். எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று ஏறும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். என்ஜின் வைத்த படகோ ஹவுஸ்போட்டோ எடுத்தால், உடல்பகுதியில் கே.ஐ.வி. என்று தொடங்கும் பதிவெண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவெண் இல்லாத படகில் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் ஏறாதீர்கள்.

தவணக்கடவு: இரண்டாம் கடப்பு

வைக்கத்திலிருந்து அக்கரைத் தவணக்கடவுக்கு ஓடும் 'ஆதித்யா' இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. 75 பேர் போகலாம். கூரை முழுக்க சோலார் தகடுகள், அடியில் இரட்டை உடல். இந்தத் தடத்தில் டீசல் படகுகளும் ஓடுகின்றன. ஆதித்யா எப்போது வரும் என்று துறையில் கேட்டு, ஒரு படகை விட்டாவது அதில் ஏறுங்கள். முகம்மா படகின் என்ஜின் இரைச்சலும் அதிர்வும் டீசல் வாடையும் உடம்பில் இருக்கும்போது இதில் உட்கார்ந்தால் வித்தியாசம் உடனே தெரியும். தண்ணீர் மோதும் சத்தமும் பக்கத்துச் சீட்டுப் பேச்சும்தான் கேட்கும். கால் மணி நேரத்தில் அக்கரை வந்துவிடும். தங்கியிருக்கும் நாட்களிலேயே ஒரு தடவை சும்மா போய்விட்டு அதே படகில் திரும்பி வாருங்கள். காலைப் படகில் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள்.

கிளம்பும் நாளில் தவணக்கடவில் இறங்கியதும் சேர்த்தலைக்குப் பேருந்து இருக்கும். சேர்த்தலை ரயில் நிலையத்தில் வடக்கே எர்ணாகுளத்துக்கும் தெற்கே ஆலப்புழாவுக்கும் வண்டி கிடைக்கும். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் எர்ணாகுளம் போய், 2023ல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து போர்ட் கொச்சிக்குப் போங்கள். இந்தக் காயல் கடலில் சேரும் வாயை அங்கே பார்க்கலாம்.

ரயிலுக்கு இரண்டரை மணி நேரம் முன்பாவது வைக்கம் துறையில் இருங்கள். படகு கால் மணி நேரம்தான், ஆனால் காற்றடித்தால் தாமதமாகும். அக்கரையில் பேருந்தும் படகுக்காகக் காத்திருக்காது.